புல்லட்டில் எச்.ஐ.டி. விளக்கு: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

என்னுடையது 2012ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 புல்லட். முகப்பு விளக்கில் 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என ஒரே பல்பில் இரண்டு இழைகள்) இருந்தது. ஏற்காட்டிலிருந்து இருட்டிய பிறகு சேலத்துக்கு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகத்தைக் குறைக்கக் குறைக்க வெளிச்சம் மஞ்சளடித்துச் சோர்ந்துபோவதைப் பொறுக்க முடியாமல்தான் 35 வாட் எச்.ஐ.டி. செட் ஒன்றை வாங்கினேன்: இழைக்குப் பதில் மின்வில்லால் எரியும் பல்பும், அதற்கேற்ற மின்சாரத்தைத் தரும் பாலஸ்ட் என்ற பெட்டியும். சற்று மஞ்சள் கலந்த வெள்ளையான 4300 கெல்வின் கேட்டேன். கடையில் நீலம் கலந்த வெள்ளையான 6000 மட்டுமே இருந்தது. வந்த காலோடு அதையே வாங்கித் திரும்பியது என் அவசரம்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன். பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குக்கு, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேரடியாக ஏசி மின்சாரமே போகிறது. அதில் பாலஸ்ட்டை இணைத்தால் விளக்கு துடிக்கும், பாலஸ்ட்டும் சீக்கிரம் போய்விடும். என் வண்டியில் டிசிதான் என்பது உறுதியானது. ஆனால் அதே சோதனையில் வேறொன்றும் தெரிந்தது. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருக்க, எரிந்துகொண்டிருக்கும் பல்பின் பின்புறத்தில் 12.1 வோல்ட்தான் இருந்தது. சாவி சுவிட்சு, ஹேண்டில் சுவிட்சு, மெல்லிய வயர் ஆகியவற்றைக் கடப்பதற்குள் 1.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரிம்மைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றினால் கண்ணாடி முழுவதும் கையோடு வந்துவிடும். உள்ளே விளக்கின் கூடான டூமில் வயர்கள் பின்னிக் கிடந்ததால் பாலஸ்ட்டுக்கு இடமில்லை. டேங்குக்கு முன்னால் சேஸில் கட்டினேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, உயர் அழுத்த வயர் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே கட்டை இறுக்கினேன். ஏனெனில் விளக்கைப் பற்றவைக்கும் கணத்தில் அந்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேவுக்கு, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுக்கு, தனி வயர் இழுத்தேன். பழைய பல்பு பிளக் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டது. புதிய பல்பின் வால் நீளமாக இருந்ததால் பின்புற ரப்பர் மூடியை வெட்டித் துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பதற்காகக் காகிதத்தால் பிடித்தே பொருத்தினேன்.

சுவிட்சைப் போட்டதும் ஊதா நிறத்தில் ஒரு வெட்டு. பிறகு சில நொடிகளில் வெள்ளை வெளிச்சம் முழுமையாக எழுந்தது. டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது, உள்ளே உள்ள மின்காந்தம் பல்பை முன்பின்னாக இழுக்கும் ‘டக்’ என்ற ஓசை கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, ராத்திரியில வெல்டிங் போடுறீங்களா?” என்றார். வெல்டிங் போலவே இதுவும் மின்வில்தான் என்று விளக்க வாயெடுத்தேன். ஆனால் என் விளக்கு அவர் சன்னலுக்குள் வரை அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அணைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை, காம்பவுண்டு சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஹாலஜன் டிம்மின் மேல் விளிம்பைச் சாக்பீஸால் குறித்துவிட்டு எச்.ஐ.டி.யை மாட்டிப் பார்த்தேன். ஹாலஜனில் கோட்டுக்கு மேல் இருட்டாகவே இருந்தது. எச்.ஐ.டி.யிலோ கோடு இருந்த இடமே தெரியவில்லை. எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது; இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது தடுப்பதால்தான் எதிரில் வருபவர் கண்ணில் ஒளி அடிப்பதில்லை. மின்வில்லின் வடிவமும் அது அமரும் இடமும் இழையைப் போல இல்லாததால், அந்த ரிஃப்ளெக்டரின் கணக்கு முழுவதும் பிசகிவிடுகிறது. கண்ணாடியைக் கீழே சாய்த்தேன். கூச்சம் சற்றுக் குறைந்தது, ஆனால் முன்சக்கரத்துக்கு எதிரே மட்டும் பளிச்சென்றிருந்து தொலைவு இருண்டுவிட்டது.

ஏற்காடு சாலையில் பனி இறங்கியிருந்த ஓர் இரவில், பிரைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைத் திரை எழுந்து நின்றது. எனக்கு முடிவைத் தந்தது வேறொரு சோதனை. வண்டியை நண்பரிடம் கொடுத்து டிம்மில் வரச்சொல்லி, நான் அவருடைய ஸ்கூட்டரில் எதிரே போனேன். அவர் கடந்து போன பிறகும் சில நொடிகள் எனக்குச் சாலையோரம் தெரியவில்லை. அங்கே யாராவது நடந்து போயிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். ஒளியை ஒரு கோட்டுக்கு மேல் போகாமல் வெட்டி நிறுத்தும் புரொஜெக்டர் லென்ஸ் வைத்தால் இது சரியாகும் என்றாலும், அதற்காக நல்ல கண்ணாடியை அறுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது ஞாயிறு எச்.ஐ.டி. பல்பையும் பாலஸ்ட்டையும் கழற்றிவிட்டு நோட்டைத் திருப்பினேன்; முதல் நாள் காணாமல் போன 1.7 வோல்ட் கண்ணில் பட்டது. ஹாலஜனில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைகிறது. அந்தக் கணக்கில் என் பல்பு தன் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இழுத்த வயரை அப்படியே விட்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று ரிலேயை இரண்டாக்கி, எர்த்தையும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோய், அதே 60/55 பல்பை மாட்டினேன். பல்பின் பின்புறம் இப்போது 13.5 வோல்ட் காட்டுகிறது. கூடுதல் செலவு 600 ரூபாய்க்குள் முடிந்தது. சாக்பீஸ் கோடு கோடாகவே நிற்கிறது. அதற்குக் கீழே சுவர் முன்பைவிடத் தெளிவாக வெளுத்திருக்கிறது.

வெட்டிய ரப்பர் மூடிக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. மழைக்காலத்துக்குள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், துளையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருக்கிறேன்.