மே மாதத்துப் பக்கங்கள்

காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்து பார்ப்பதுதான் கல்லூரிச் சுற்றுச்சூழல் மையத்தில் எனக்கு அன்றாடம் முதல் வேலை. மேல் வளையத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் குடுவையை எடுத்து, அதில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைச் சமதரையில் வைத்துவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். குவளையின் ஓரத்தில் நீர் சற்று ஏறித் தெரியும். நடுவில் குழிந்திருக்கும் அடிமட்டத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு மாறிவிடும் என்பதால், மழை பெய்த மறுநாள் காலையில் ஈர மண்ணில் முழங்கால் ஊன்றித்தான் உட்காருவேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அது மழைநாள். எங்கள் ஒருங்கிணைப்பாளரோ, 0.4 என்றாலும் எழுத வேண்டும், ஒரு சொட்டும் விழாத நாளில் 0 என்று கட்டாயம் எழுத வேண்டும் என்பார். "பூஜ்யம் போட்டிருந்தா மழை இல்லைன்னு அர்த்தம்மா, வெறுமனே விட்டிருந்தா ஆள் இல்லைன்னு அர்த்தம்" என்று நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொன்னார். மழை அளவை எழுதிவந்த பதிவேட்டின் மே மாதத்துப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் அந்தச் சொல் என் நினைவுக்கு வரும்.

மதுரை மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் சுற்றுச்சூழல் மையத்தில் 2015 ஜூலை முதல் 2019 ஏப்ரல் வரை தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். மையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். விலங்கியல் துறையின் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை, இரண்டு பீரோ, ஒரு நீண்ட மேசை, வெளியே ஒரு மழைமானி, கேன்டீனுக்குப் பின்புறம் நான்கு உரத்தொட்டிகள், வளாகத்தின் கீழ்க்கோடியில் ஒரு பழைய கிணறு, அவ்வளவுதான். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் உத்தரவிட்டது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. எங்கள் மையமும் அந்தப் பாடத்தை நடத்துவதற்காகத் தொடங்கப்பட்டதுதான். பாடம் நடத்த ஓர் அறை போதும். மழைமானியும் கிணற்றுக் கணக்கும் உரத்தொட்டியும் யாரும் உத்தரவிடாமல், அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

ஒருங்கிணைப்பாளர் விலங்கியல் துறையின் இணைப் பேராசிரியர். வாரத்துக்குப் பதினான்கு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் செய்முறைப் பதிவேடுகள், தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று எல்லாம் போக மிஞ்சிய நேரத்தில்தான் மையத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கூடுதல் பொறுப்புக்குத் தனி ஊதியம் கிடையாது. வகுப்பில் அவர் மழைநீர் சேகரிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே மாணவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்விடுவார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். ஆகவே இந்த மாடியின் நீள அகலத்தை நீங்களே அளந்து, நேற்றைய மழைக்கு எத்தனை லிட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள், பிறகு குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள் என்பார். வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கணக்கை மற்றவர்களைவிட ஆர்வமாகப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உரத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட அக்கா துப்புரவுப் பணிக்காக ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் வந்தவர். மையத்தின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. காலையில் வகுப்பறைகளைப் பெருக்கி முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கேன்டீன் பின்புறம் வருவார். வாழையிலை, காய்கறித் தோல், டீத்தூள், மிஞ்சிய சோறு எல்லாம் ஒன்றாகக் கலந்து வாளி வாளியாக வந்து நிற்கும். ஊறுகாய் படிந்த இலைகளையும் எலுமிச்சைத் தோலையும் அவர் தனியே பொறுக்கி எடுப்பார். உப்பும் புளிப்பும் மண்புழுவுக்கு ஆகாது. இலைகளை அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாது என்று அரிவாளால் நறுக்கிப் போடுவார். ஈரச் சரக்குக்குக் காய்ந்த சருகு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று நான் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டு, முப்பதுக்கு ஒன்று என்று சுவரில் அட்டை ஒட்டி வைத்திருந்தேன். அக்கா அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை. தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிவார். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுவார், கசியவே இல்லை என்றால் தண்ணீர் தெளிப்பார். பிறகு அதை முகர்ந்து பார்ப்பார். "புளிச்ச வாடை அடிச்சா காத்துப் பத்தலைன்னு அர்த்தம் டீச்சர், மண்ணு வாடை வந்துருச்சுன்னா புழுவ விடலாம்" என்றார் ஒருநாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் அப்படித்தான் அழைத்தார். சாணமும் சருகும் சேர்ந்து சூடேறும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் புழுவை விட்டால் செத்துப்போகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், முதல் தடவை அவசரப்பட்டு விட்டது நான்தான். மறுநாள் காலையில் சுருண்டு கிடந்தவற்றை அவர் ஒன்றும் சொல்லாமல் முறத்தில் அள்ளி, அடுத்த தொட்டியில் உயிரோடு இருந்ததை மட்டும் சேர்த்தார்.

தோட்டக்கார அண்ணன் கல்லூரியிலேயே நெடுங்காலமாக இருப்பவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் நன்றாகத் தெரியும். கிணற்று நீர்மட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை அளப்பது என் பொறுப்பு. இரும்பு அளவுநாடாவின் நுனியில் கனம் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் வைத்த குறியில் நாடா எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு மேலே இழுத்தால், நீரில் நனைந்த இடம்வரை சுண்ணம் நிறம் மாறியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீர்மட்டத்தின் ஆழம். இரண்டு மாதம் இப்படி ஒழுங்காக அளந்து எழுதிவந்தேன். மழையே இல்லாத வாரத்தில் மட்டம் ஏறுவதும், மழை பெய்த வாரத்தில் இறங்குவதுமாக எண்கள் தாறுமாறாக இருந்தன. அண்ணன் ஒருநாள் வேப்பமரத்தடியில் நின்று நான் நாடாவை இறக்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாயி, நீ ஒம்பது மணிக்கு வர்ற. நான் அஞ்சரைக்கே மோட்டாரப் போட்டுருவேன். ஒருநா ஒரு மணி நேரம் ஓடும், ஒருநா மூணு மணி நேரம் ஓடும். ஓடுன தண்ணியத்தான் நீ அளந்துட்டு இருக்க." அதற்கு முந்தைய எண்கள் அத்தனையையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அந்த வாரத்திலிருந்து திங்கட்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கல்லூரிக்கு வரத் தொடங்கினேன். அவர் மோட்டார் சுவிட்சில் கை வைக்காமல் எனக்காகக் காத்திருப்பார்.

மாணவர்கள் வருவார்கள், மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பிப்ரவரியில் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பின் நான்கு நாளும் விடியற்காலையில் விடுதியிலிருந்து எழுந்து வந்த பிள்ளைகளை மறக்க முடியாது. பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் காதால் கேட்டதையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். காகத்தையும் மைனாவையும் எண்ணுவதற்கு வெட்கப்பட்ட ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டில் புதர்ச்சிட்டையும் தையல்சிட்டையும் குரலை வைத்தே பிரித்துச் சொன்னாள்.

இவ்வளவு பேர் இருந்தும் பதிவேட்டில் மே மாதம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் எங்கள் பணி ஒப்பந்தம். தொகுப்பூதியத்தில் எடுப்பவர்களை ஜூலையில் எடுத்து ஏப்ரல் 30 அன்று விடுவித்துவிடுவார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. அன்று மாலை அறைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு பீரோவுக்குள் போய்விடும். ஜூலையில் மறுபடி அழைப்பார்களா என்பது அப்போதைய நிதி நிலையைப் பொறுத்தது. எனக்கு முன்னால் ஆறு ஆண்டுகளில் நான்கு பேர் அந்தப் பணியில் இருந்திருக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டில் மாறி மாறி வரும் கையெழுத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் கோடை மழை சின்ன விஷயமல்ல. பிற்பகலில் இடி இடித்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிற அந்த மழைதான், கிணறு அடிமட்டத்துக்குப் போன நேரத்தில் அதைக் கொஞ்சமாவது தூக்கிவிடுகிறது. எவ்வளவு பெய்தது, கிணறு எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால்தான் நாம் வெட்டிய மழைநீர்க் குழிகளால் பயன் உண்டா என்று சொல்ல முடியும். இரண்டு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்துவதற்காக ஓர் ஆண்டின் கணக்கையே ஓட்டையாக்குகிறார்கள். சுற்றுச்சூழல் மையம் வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் முதலில் செய்ய வேண்டியது, அங்கே அளந்து எழுதுகிறவருக்குப் பன்னிரண்டு மாத வேலை கொடுப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியை இங்கே நினைத்துக்கொள்வேன். 1937-ல் அந்தக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் அந்த வளாகத்தில் மரங்களை வளர்ப்பதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். தென்னிந்தியத் தாவரங்களைத் தேடித் தேடிச் சேகரித்த எட்வர்டின் பெயர் அரிசீமா பார்னெசி என்ற செடியில் இருக்கிறது. பிற்காலத்தில் அதே கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி தாம்பரம் சுற்றுவட்டாரப் பறவைகளைக் குறித்துவைத்தார். ஒருவர் வேதியியல்காரர், மற்றவர் புள்ளியியல்காரர்; இருவருக்கும் இது பணி உத்தரவில் இல்லாத வேலை. ஆனால் இருவரும் ஒரே வளாகத்தில் நிரந்தரமாகப் பணியாற்றியவர்கள், அடுத்த கோடையிலும் அங்கேயே இருப்போம் என்று தெரிந்தவர்கள். நட்ட கன்று மரமாவதைப் பார்க்கிற வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது.

2016 ஜூலையில் நான் மறுபடி பணியில் சேர்ந்த அன்று அண்ணன் என்னை மோட்டார் ரூமுக்கு அழைத்துப்போனார். உள்சுவரில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், அடுப்புக்கரியால் தேதியும் எண்ணுமாக ஏழு வரி எழுதியிருந்தது. மே மாதம் பெய்த மழை. அளவுக் குவளையை மட்டும் நான் அறைக்குள் வைத்துப் பூட்டாமல் மழைமானிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதை எடுத்து அவர் அளந்திருக்கிறார். நோட்டு இல்லையா என்று கேட்டேன். "நோட்டு தொலைஞ்சு போகும் தாயி, செவுரு எங்க போகப் போகுது" என்றார். அந்த ஏழு வரியையும் பதிவேட்டின் மே மாதப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, மோட்டார் ரூம் சுவரிலிருந்து படியெடுத்தது என்று கீழே குறித்தேன். ஒருங்கிணைப்பாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு தானும் கையெழுத்துப் போட்டார். 2017-லும் அப்படியே செய்தோம்.

2018 ஜூலையில் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்காக ஆய்வுக் குழு வரவிருந்தது. மையத்தின் செயல்பாடுகளைக் கோப்பாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புகைப்படம், அறிக்கை, கையெழுத்துப் பட்டியல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். சுவரில் இந்த முறை பதினொரு வரி இருப்பதாக அண்ணன் சொன்னார். அடுத்த வாரம் வந்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். அடுத்த வாரம் போனபோது வளாகம் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள், மோட்டார் ரூமையும் சேர்த்து. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அண்ணன் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில் அது நடந்துவிட்டது. கைபேசியில் ஒரு படமாவது எடுத்திருக்கலாம்; நான் எடுக்கவில்லை. திரும்பி வந்த அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட ஒரு பெரிய மழை, அதுக்கப்புறம் ரெண்டு சின்னது" என்று நினைவிலிருந்து சொல்லத் தொடங்கி, சரியாக வராது என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஆண்டின் மே மாதப் பக்கத்தில், அளக்கப்பட்டது, பதிவு அழிந்தது என்று மட்டும் எழுதினேன். எண்ணும் இல்லாமல் வெறுமையாகவும் இல்லாமல் இருக்கிற ஒரே பக்கம் அதுதான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. இப்போது வேறு ஊரில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒருங்கிணைப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அக்காவின் ஒப்பந்த நிறுவனம் மாறியபோது அவரும் வேறெங்கோ போய்விட்டார். இப்போது உரத்தொட்டியில் என்ன வாடை அடிக்கிறதென்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மையத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். அவருக்கும் பத்து மாதம்தான்.

போன மே மாதம் ஒருநாள் காலை எட்டே முக்காலுக்கு அண்ணன் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "தாயி, எழுதிக்க, இருபத்தி மூணு புள்ளி ரெண்டு" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க ஆறு முறை கூப்பிட்டார். ஜூலையில் அந்தப் பெண் பணிக்குத் திரும்பியதும் ஆறு வரியையும் அனுப்பிவைத்தேன். சிவப்பு மையால்தான் எழுத வேண்டுமா என்று கேட்டார். ஆமாம், கீழே யார் அளந்தது என்று அண்ணன் பெயரையும் எழுதிவிடுங்கள் என்றேன்.