கிரைண்டர் கணக்கும் இருபது நிமிடமும்

ஜூன் 3, 2024, திங்கள்

கோவை காந்திபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன். வணிகர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் "கூகுள் விளம்பரத்தப் பத்தி ஒரு இருபது நிமிசம்" பேச முடியுமா என்று செயலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடமாகக் கடைக்காரர்களின் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. கடைசியாக மைக் பிடித்தது கல்லூரியில் நன்றியுரை சொன்னபோது. அதிலும் பிரின்சிபாலை விட்டுவிட்டேன்.

கூட்டம் 22ஆம் தேதி. பணம் கிடையாது, இரவுச் சாப்பாடு உண்டு.

ஜூன் 6, வியாழன்

மூன்று ராத்திரி உட்கார்ந்து 41 ஸ்லைடு செய்திருக்கிறேன். 1998இல் கோடூ என்ற தேடுதளம், அதிகக் காசு தருகிறவருக்கே முதலிடம் என்று கடையைத் திறந்த கதை. 2000 அக்டோபரில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் வந்தது. 2018இல் அதுவே கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. இந்தத் தொழிலுக்கென்று முதல் மாநாட்டை 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தியவர் டேனி சல்லிவன் என்ற பத்திரிகையாளர் என்பதுவரை சேர்த்துவிட்டேன். எதையாவது விட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்கப்போவது ஹார்ட்வேர் கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் என்பது பயத்துக்குத் தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் நின்று முழுதும் பேசிக் காட்டினேன். 38 நிமிடம். இரண்டு கட்டுக் கீரை முடிந்து வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

"எப்படிம்மா?"

"நல்லாத்தான் பேசற. ஆனா அந்தக் கடைக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு? அவரு காசு எங்க போச்சுன்னு சொல்லு."

கோபம்தான் வந்தது. சாயங்காலம் 41 ஸ்லைடில் 33ஐ அழித்தேன். மாநாட்டுக் கதையும் போயிற்று.

ஜூன் 14, வெள்ளி

காசு எங்கே போனது என்று காட்ட வேண்டுமானால் உண்மையான கணக்கு ஒன்று வேண்டும். கணபதிப் பக்கம் பட்டறை வைத்து, ஓட்டல்களுக்கு மாவரைக்கும் டில்டிங் கிரைண்டர் செய்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அடுத்தவர் கணக்கை அனுமதியில்லாமல் மேடையில் விரிப்பது இந்தத் தொழிலில் பெரிய தப்பு. ஒரு தடவை செய்தால் அப்புறம் யாரும் பாஸ்வேர்டு தரமாட்டார்கள்.

"காட்டுங்க அம்மணி. பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் கணக்கு என்னிடம் வந்த முதல் மாதத்து செர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை எடுத்தேன். நாம் காசு கட்டுகிற கீவேர்டு ஒன்று, ஜனங்கள் நிஜமாகத் தட்டுகிற வார்த்தை வேறு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்த ரிப்போர்ட்டில்தான் தெரியும். அவர் போட்டிருந்தது 'கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல், அதுவும் பிராட் மேட்ச்சில். அதாவது, இதற்குச் சம்பந்தம் உண்டு என்று கூகுளுக்குத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டலாம். அந்த மாதச் செலவு 18,400 ரூபாய். அதில்:

'கிரைண்டர் கல் கொத்துபவர்', 1,140 ரூபாய்.
'செகண்ட் ஹேண்ட் கிரைண்டர்', 2,310.
'ஆங்கிள் கிரைண்டர் பிளேடு', 1,870.
'காபி கிரைண்டர்', 960.

இந்த நாலு வரி மட்டும் 6,280. மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைவாக எழுதும் டேட்டிங் செயலியைத் தேடியவர்களுக்குப் போன 85 ரூபாய் வரியை மறைத்துவிட்டேன். கூட்டத்தில் பெரியவர்கள் இருப்பார்கள்.

இந்த ஒரே ஒரு பட்டியல்தான் என் பேச்சு என்று முடிவு செய்தேன். கூடவே, விளம்பர இடத்துக்கு கூகுள் நடத்தும் ஏலத்தை விளக்க ஓர் உவமை: ஈரோட்டு மஞ்சள் ஏலம். அதிகம் கேட்பது மட்டும் போதாது, சரக்கின் தரமும் உண்டு என்று சொல்லலாம். ரொம்பப் பொருத்தமாகத் தோன்றியது.

ஜூன் 20, வியாழன்

மண்டபத்தைப் பார்த்துவரப் போனேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் என் ஸ்லைடைத் திறந்தால் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது. ஃபான்ட் இல்லை. பிடிஎஃப் ஆக மாற்றி, பென் டிரைவில் இரண்டு பிரதி. நல்லவேளை, இன்றே போனேன்.

ஜூன் 22, சனி

ஏழு மணிக்குக் கூட்டம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் வாழ்த்துரை, மூன்று பொன்னாடை. என் முறை வந்தபோது எட்டே கால். "மேடம், பன்னிரண்டு நிமிசத்துல முடிச்சுக்கலாங்களா? சாப்பாடு ஆறிடும்" என்று காதருகே செயலாளர்.

மைக்கைப் பிடித்ததும் முதல் வாக்கியம் மறந்துவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் பட்டியலைப் போட்டேன். 'கல் கொத்துபவர், 1,140 ரூபாய்' என்று படித்ததும் முன்வரிசையில் சிரிப்பு. 'ஆங்கிள் கிரைண்டர் பிளேடு' வந்தபோது ஹார்ட்வேர்காரர் ஒருவர், "அந்த ஆளை நம்ம கடைக்கு அனுப்பியிருக்கலாமே!" என்று கத்தினார். பேர் சொல்லாத பட்டறை யாருடையது என்று அதற்குள் பாதி மண்டபத்துக்குத் தெரிந்துவிட்டது. அவரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வார்த்தைகளையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டால் அதற்கு விளம்பரம் வராது என்று காட்டினேன். எழுதிக்கொண்டார்கள். நான் பேசுவதைப் பேனா எடுத்து எழுதுகிற ஆட்களை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அப்புறம் மஞ்சள். ஆரம்பித்த அரை நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க, மஞ்சள்ல தரம் பார்க்கறது சரக்குக்கு. கேக்கறவன் தரத்தை யாரு பார்க்கறா? நீங்க சொல்றதுல கேக்கறவனுக்கே மார்க் போடறாங்களே?"

சரியான கேள்வி. பதில் இல்லாமல் "ஆமாங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி, இங்கே சொந்தக்காரரோடு வந்தவர் என்று சாப்பிடும்போது தெரிந்தது.

இன்னொருவர் கேட்டது எளிது: "நான் ஒரு நாளைக்கு 500தான் போட்டேன், 900 எடுத்துட்டானே?" ஒரு நாளில் இரண்டு மடங்குவரை எடுக்கலாம், ஆனால் மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது, ஆகவே 15,200தான் உச்சம் என்றேன். "அந்தப் புள்ளி நாலு எதுக்குங்க?" வருடத்துக்கு 365 நாள், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 30.4. மண்டபமே செல்போனில் வகுத்துப் பார்த்தது.

எனக்கும் ஒரு பொன்னாடை. சாப்பாடு ஆறித்தான் போயிருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மஞ்சள் உவமை நாள் முழுதும் குடைந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடை ஏலம்தான் சரி. நகராட்சி கடையை ஏலம் விடுகிறது, நாம் கேட்கிறோம். ஆனால் நகராட்சி கேட்ட தொகையோடு, 'உன் கடைக்கு ஜனங்கள் வருவார்களா' என்றும் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 40 ரூபாய் கேட்கிறார், தரம் 4: பெருக்கினால் 160. இன்னொருவர் 25 கேட்கிறார், தரம் 8: 200. முன்கடை இரண்டாமவருக்கு. அவரும் 25ஐக் கொடுக்க வேண்டாம். 160ஐத் தாண்ட எவ்வளவு போதுமோ அவ்வளவு, 20 ரூபாயும் ஒரு பைசாவும். இது பழைய கணக்கு. இன்றைக்கு நம் திரையில் தெரியும் 1 முதல் 10 வரையான குவாலிட்டி ஸ்கோர், அதாவது தர மதிப்பெண், நேரடியாக ஏலத்துக்குள் போவதில்லை, கூகுள் ஒவ்வொரு தேடலுக்கும் தனியாகக் கணிக்கிறது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெரியவர் எழுந்துவிடுவார்.

இன்னொன்றும் விட்டுப்போனது. 2020 செப்டம்பரிலிருந்து, கொஞ்சம் பேர் மட்டுமே தேடிய வார்த்தைகளை செர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில் கூகுள் காட்டுவதில்லை. காசு மட்டும் போகும், வார்த்தை தெரியாது. இதை யாரும் கேட்கவில்லை. நானே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

சென்னையில் நடக்கும் பெரிய கூட்டம் ஒன்றுக்கு, கிரைண்டர் பட்டியலையே தலைப்பாக வைத்துப் பேச விண்ணப்பித்திருந்தேன். 'இம்முறை இயலவில்லை' என்று இரண்டு வரி மெயில். அரை மணி நேரம் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் ஈரோட்டிலிருந்து போன். அதே மஞ்சள் பெரியவர். அவர்கள் ஊர் வியாபாரிகளுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம், வண்டிச் செலவு தருவார்களாம்.

"ஒண்ணு மட்டும் அம்மணி," என்றார். "இங்க வந்து மஞ்சளப் பத்திப் பேசிராதீங்க."