மாண்ட்கோமரி கால்வாய்க் கரையில் இரண்டு நாள்

கிரிக்ஹீத் படகுத்துறையைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்ததும் தண்ணீர் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது கால்வாயின் வடிவம் மட்டும்தான்: இருபுறமும் கரை, நடுவில் நெட்டிலிங்க உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மரங்கள், அவற்றின் அடியில் காஞ்சொறிப் புதர். ஒரு ஜூலை மாத வாரக் கடைசியில், ஆஸ்வெஸ்ட்ரிக்குத் தெற்கே உள்ள மேஸ்பரி மார்ஷ் என்ற சிற்றூரிலிருந்து லானமனெக் வரை, ஏறத்தாழ நான்கு மைல் தூரத்தை நானும் என் மனைவியும் இக்கரை வழியாக நடந்தோம். முதல் பாதியில் வாத்துகளும் படகுகளும் கூட வந்தன. இரண்டாம் பாதியில் அந்த வறண்ட பள்ளம் மட்டுமே கூட வந்தது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஃபிராங்க்டன் என்னும் இடத்தில் தொடங்கி, வேல்ஸுக்குள் நுழைந்து, செவர்ன் ஆற்றை ஒட்டியே நியூடவுன் வரை செல்லும் மாண்ட்கோமரி கால்வாயின் நீளம் சுமார் 35 மைல். பெரும்பாலான பிரிட்டிஷ் கால்வாய்கள் நிலக்கரிக்காகவும் ஆலைகளுக்காகவும் வெட்டப்பட்டவை. இதுவோ வயல்களுக்காக வெட்டப்பட்டது. அதைக் கேட்டதும் நம் ஊர் வாய்க்கால் நினைவுக்கு வந்தால், அது சரியான ஒப்பீடு அல்ல. நம்முடையது தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோவது. இதில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல் சுண்ணாம்புக்கல் போனது. லானமனெக் குன்றில் வெட்டிய கல்லைப் படகில் ஏற்றிக் கரையோரமெங்கும் இருந்த காளவாய்களில் சுட்டு நீற்றி, செவர்ன் பள்ளத்தாக்கின் அமிலத்தன்மை கொண்ட மண்ணுக்கு உரமாக இட்டார்கள். 1794இல் சட்ட அனுமதி கிடைத்து, 1797க்குள் வழியிலுள்ள கார்த்மில் என்ற ஊர் வரை வந்துவிட்ட கால்வாய், நியூடவுனை எட்டுவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் வேறொன்றுமில்லை, பணத் தட்டுப்பாடுதான்.

அதன் முடிவு 1936 பிப்ரவரியில் வந்தது. ஃபிராங்க்டனுக்குக் கொஞ்சம் தெற்கே, பெர்ரி ஆற்றைக் கால்வாய் கடக்கும் தொட்டிப் பாலத்தருகே கரை உடைப்பெடுத்தது. அப்போது கால்வாயின் உரிமை ஒரு ரயில்வே நிறுவனத்திடம் இருந்தது. போட்டிப் போக்குவரத்தைத் தன் செலவில் உயிர்ப்பிக்க எந்த ரயில்வேக்கு மனம் வரும்? பழுதுபார்க்கத் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. 1944இல் நாடாளுமன்றச் சட்டமொன்றின் மூலம் கால்வாய் முறைப்படி கைவிடப்பட்டது. உண்மையான சேதம் அதன் பிறகுதான் நேர்ந்தது என்பேன். கால்வாயின் மேல் முதுகு வளைந்து நின்ற பாலங்களை இடித்து, சாலைகளை நேராகத் தரைமட்டத்தில் போட்டுவிட்டார்கள். உடைந்த கரையை ஒரு கோடைக்குள் கட்டிவிடலாம். நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்துவது அப்படிப்பட்ட வேலையா?

மீட்பின் கதை 1969இல், கால்வாயின் வேல்ஸ் பகுதியில் உள்ள வெல்ஷ்பூல் என்ற ஊரில் தொடங்குகிறது. ஊருக்குள் நெரிசலைக் குறைக்கக் கால்வாய்த் தடத்தின் மீதே புறவழிச்சாலை போடுவதென்ற திட்டம் வந்தபோது, ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய்ச் சங்கத்தின் அழைப்பை ஏற்று, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் அக்டோபரில் ஒரு வாரக் கடைசியில் திரண்டு வந்து, ஊர் நடுவில் தூர் வாரிக் காட்டினார்கள். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. படகுகளை ஒரு மட்டத்திலிருந்து மறு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் ஃபிராங்க்டன் நீர்ப்பூட்டுகள் 1987இல் மீண்டும் திறக்கப்பட்டன. அங்கிருந்து தெற்கே ஒவ்வொரு மைலாகத் தண்ணீர் நகர்ந்து வந்து, கிரிக்ஹீத் துறைக்குப் படகுகள் வந்தது 2023இல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், வெட்டியவர்களைவிட மீட்பவர்கள் அதிக ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

கிரிக்ஹீத்தில் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தோம். பழைய காலத்தில் களிமண்ணை நீர்விட்டு மிதித்துப் பிசைந்து அடித்தளமும் கரையும் பூசினார்கள். இப்போது அதன் இடத்தில் நீர் புகாத விரிப்பொன்றைப் பரப்பி, கிழிந்துவிடாமல் அதன் மேல் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். எழுபது வயதுக்குக் குறையாத ஒருவர் முழங்கால் மண்டியிட்டு, ஒவ்வொரு கட்டையையும் வைத்தபின் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நிலத்தடியில் இருப்பது முற்றா நிலக்கரி மண், அதாவது சதுப்பில் மட்கிய தாவரங்களாலான மண். பாரம் ஏறினால் அமுங்கும், காய்ந்தால் சுருங்கும். "இந்த இடத்தில் பூமி எங்களோடு ஒத்துழைப்பதில்லை" என்றார் அவர், வருத்தமில்லாமல். எப்போது லானமனெக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்று என் மனைவி கேட்டதற்கு, "நான் பார்ப்பதற்காக இதைச் செய்யவில்லையே, அம்மா" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

அடுத்த தடையாக இருந்தது ஸ்கூல்ஹவுஸ் பாலம். அதுவும் தரைமட்டமாக்கப்பட்டதுதான். இங்கிலாந்துப் பகுதியில் மிச்சமிருந்த கடைசிச் சாலைத் தடையான அதைப் படகு நுழையும் உயரத்துக்குத் திரும்பக் கட்டியதில் நன்கொடையாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதைக் கடந்தால் பான்ட் என்ற ஊர் வரை வறண்ட தடம். முந்தைய நாள் மழையில் ஊறிய ஓரிடத்தில் குறுக்கே இறங்கிப் பார்க்கலாம் என்ற என் அறிவுக்கூர்மையின் விளைவாக, ஒரு கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. வறண்டது என்று நான் நம்பிய கால்வாய் முழுவதுமாக வறண்டிருக்கவில்லை.

லானமனெக்கில் நாட்டு எல்லை ஊரின் நடுவே ஓடுகிறது. வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூட வேண்டுமென்ற 1881ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, தெருவின் ஒரு பக்கத்தில் தாகம் தீர்ந்தது, மறு பக்கத்தில் தீரவில்லை. ஊருக்கு வெளியே கால்வாயை ஒட்டி ஹாஃப்மன் காளவாய் நிற்கிறது: நீள்வட்டமாகக் கட்டிய பல அறைகள், அறைக்கு அறை நெருப்பு நகர்ந்துகொண்டே போகும் ஏற்பாடு, மேலே இன்னும் விழாத நெடிய புகைபோக்கி. பிரிட்டனில் இவ்வகையில் மிஞ்சியவை மூன்றே. உள்ளே நுழைந்ததும் குளிர் அடித்தது. ஒரு காலத்தில் கல் வெந்து நீறிய இடம் அது.

மறுநாள் வெல்ஷ்பூலுக்குப் போனோம். அங்கே கால்வாய் நிறையத் தண்ணீரோடு இருக்கிறது. ஆனால் வடக்கே ஆர்த்லீன் பக்கம் ஏ483 நெடுஞ்சாலை வழியை மறிப்பதால், இது நாட்டின் மற்ற கால்வாய்களோடு சேராத தனித் துண்டு. அந்தத் தனிமையில் பிழைத்த ஒன்றைத்தான் நான் பார்க்க வந்தேன். லூரோனியம் நட்டன்ஸ் என்ற மிதக்கும் நீர்ச்செடி, வேல்ஸின் மலை ஏரிகளுக்குரியது. படகு நின்றுபோன கால்வாயில் குடியேறிப் பெருகி, இதையே தாழ்நிலத்தில் தன் முக்கியப் புகலிடமாக்கிக்கொண்டது. வேல்ஸ் பகுதியில் கால்வாய்க்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததே இதன் பொருட்டுத்தான். கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். நீருக்கடியில் நாடா போன்ற இலைகள், மேலே கட்டைவிரல் நக அளவில் நீள்வட்ட இலைகள், அவற்றினிடையே மூன்றே வெள்ளை இதழ்களும் நடுவில் மஞ்சள் பொட்டும் கொண்ட பூ.

படகுகள் அதிகம் வந்தால் சேறு கலங்கி, வெளிச்சம் இறங்காமல் இச்செடி அழியும். அதனால் படகே வேண்டாம் என்று விட்டால் நாணலும் கோரையும் மூடி, அப்போதும் அழியும். எனவேதான் ஃபிராங்க்டனில் இறங்கும் படகுகள் முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி. எனவேதான் ஆஸ்டன் பூட்டுகளின் பக்கத்தில் செடிகளுக்கென்றே தனிக் குளங்கள். முழுவதும் மீட்டுவிட வேண்டும் என்று துடிப்பவர்களையும், இப்படியே இருக்கட்டும் என்பவர்களையும் கேட்டவன் என்ற முறையில், அந்தக் குளங்கள் வெட்டிய யோசனையையே நான் அதிகம் மதிக்கிறேன். மெதுவாகத்தான் வேலை நகர்கிறது, நகரட்டும்.

அரை மணி நேரம் கழித்து ஒரு படகு வந்தது, நடப்பவரைவிட மெதுவாக. அதன் அலையில் பூ ஒருமுறை முங்கி எழுந்தது. தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறமாயிற்று. கலங்கல் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மூன்றரை மணிப் பேருந்தைத் தவற விட்டோம்.