ஜெட் மாற்றும் மாதம்: ஒரு கார்புரேட்டர் நாட்குறிப்பு

2025 மார்ச் 1, சனி

200 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். சிங்கப்பூரில் 200 சிசி வரைக்குமான 2பி உரிமத்தில் ஓட்டும் மோட்டார்சைக்கிள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் (கார்ப்) கெய்ஹின் கம்பெனியின் சிவி வகை: உள்ளே காற்றின் பாதையைத் திறக்கும் ஸ்லைடை ஒரு ரப்பர் டயாஃப்ரம் காற்றழுத்தத்தால் தூக்கும். சைலன்சர் மாறியிருக்கிறது. ஏர்பாக்ஸ், அதாவது ஃபில்டர் இருக்கும் பெட்டி, கழற்றப்பட்டு, கார்ப் வாயில் கூம்பு ஃபில்டர் ஏறியிருக்கிறது. ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு, மட்டும் கம்பெனி போட்டதே: அதிகத் திறப்புக்கான மெயின் 110, ஐட்லிங்குக்கான பைலட் 38.

எதிர்பார்த்த கோளாறுகள் எல்லாம் இருக்கின்றன. காலையில் சோக் இழுத்து வெகுநேரம் காத்திருக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் கை அசையாமல் பிடித்தாலும் வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது. த்ராட்டிலை மூடினால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது. மூன்றும் லீன், அதாவது பெட்ரோல் போதாத கலவை, என்று சொல்கின்றன. ஆனாலும் ஜெட்டைத் தொடும் நேரம் இன்னும் வரவில்லை. காற்று திருட்டுத்தனமாக எங்காவது புகுந்தாலும் அறிகுறி இதேதான்.

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கார்புக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பைச் சுற்றித் தண்ணீரைச் சன்னமாகப் பீய்ச்சிப் பார்த்தோம். ஒரு பக்கம் படும்போது ஓசை மாறியது. கழற்றி வளைத்ததும் உள்விளிம்பில் விரிசல் தெரிந்தது. நம் ஊர் வெயிலில் பத்து வருஷம் நின்ற ரப்பர் வேறெப்படி இருக்கும்? புதிது போட்டாயிற்று. புகைக்குழாய் தலையில் சேரும் இடத்தில் நசுங்கிக் கிடந்த செம்பு வளையமும் மாறியது. அந்த வளையம் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், மூடும்போது வரும் வெடிப்பைக் கூட்டும். ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த வெடிப்பு நிற்காது.

இந்த இரண்டையும் மாற்றியதிலேயே பாதிக் கோளாறு அடங்கிவிட்டது.

2025 மார்ச் 2, ஞாயிறு

கார்ப் கீழே இறங்கியது. பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் திருகுகள் ஜப்பானிய ஜேஐஎஸ் தலை கொண்டவை. பார்க்க ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது. பலம் கொடுத்தால் மேலேறி வழுக்கித் தலையை அரித்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் போடும்போது எம்4 ஆலன் தலைத் திருகு போட்டுவிட்டால், ஜெட் மாற்ற இன்னும் நாலு முறை திறக்கும் கைக்கு நிம்மதி. பழைய திருகின் நீளத்தை அளந்து அதே நீளத்தில் வாங்க வேண்டும்.

கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்த்தோம். அடியில் துரு இருந்தது, தண்ணீர் இல்லை. ஜெட்டின் துளையில் கம்பி விடக் கூடாது. பித்தளை மெத்தென்றது, ஒரு கீறலே அளவை மாற்றிவிடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கிளீனர் அடிக்குமுன் மேல்மூடியைத் திறந்து டயாஃப்ரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், அந்த ரப்பர் கிளீனர் பட்டால் உப்பிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளை ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஸ்லைடு முழுதாக மேலேறாது, வேகம் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். பலர் அதை மெயின் ஜெட் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம் அடுத்தது. கார்பைச் சாய்த்து, மிதவையின் நாக்கு பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியின் முனையைத் தொட வேண்டும், அதில் உள்ள சின்ன ஸ்பிரிங்கை அமுக்கக் கூடாது. அந்த நிலையில் அளக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதை அந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். கார்புக்குக் கார்ப் அது மாறும்.

இந்த வேலையை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடி வாகன நிறுத்துமிடத்தில் செய்ய வேண்டாம். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தவழும். காற்றோட்டமுள்ள பட்டறைதான் இதற்கு இடம்.

2025 மார்ச் 5, புதன்

ஜெட் வாங்குமுன் ஒரு கேள்வி. கலவையைக் கெடுத்தது எது, சைலன்சரா, ஃபில்டரா?

பெரும்பாலும் பழி சைலன்சர் மேல் விழுகிறது. கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஃபில்டருக்குத்தான் பங்கு அதிகம். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. குறுகிய தொண்டையில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியே மேலே தள்ளுகிறது. ஏர்பாக்ஸ் இருக்கும்போது அதன் மூக்கும் ஃபில்டரும் காற்றைக் கொஞ்சம் தடுத்து, தொண்டையின் அழுத்தத்தை இன்னும் கீழே இறக்குகின்றன. பாதி சோக் போட்ட மாதிரி. கம்பெனி ஜெட்டின் எண் அந்தத் தடையையும் கணக்கில் வைத்துத் தேர்ந்தது. தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோலை இழுக்கும் விசை குறையும். சைலன்சர் மட்டும் மாறினால் காற்று கூடும்போது இழுப்பும் கூடவே கூடுகிறது. கார்ப் பெருமளவு தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் சைலன்சருக்கு ஒரு எண் (அடுத்த பெரிய ஜெட்), மிஞ்சினால் இரண்டு எண் போதும். கூம்பு ஃபில்டருக்கு இன்னும் இரண்டு மூன்று எண் வேண்டியிருக்கும்.

கெய்ஹின் மெயின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 110 என்றால் சுமார் 1.10 மி.மீ. மிக்குனி என்ற மற்றொரு கம்பெனியின் அறுகோண ஜெட்டில் எண் பாயும் அளவைக் குறிப்பது, அதனால் இரண்டின் எண்களையும் ஒப்பிடக் கூடாது. விட்டம் கொஞ்சம் கூடினாலும் பரப்பு வேகமாகக் கூடும்: 110-இலிருந்து 115-க்கு 9 விழுக்காடு, 120-க்கு 19, 125-க்கு 29.

112, 115, 118, 120, 125 என ஐந்து மெயின், 40 பைலட் ஒன்று வாங்கியாயிற்று. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பத்து ஜெட் கட்டு வேண்டாம். எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருப்பதைப் பின் கேஜ் (துளை அளக்கும் கம்பி) வைத்துப் பார்த்தாலே தெரியும். எண்ணை நம்ப முடியாவிட்டால் பிறகு செய்யும் சோதனை எதற்கும் அர்த்தமில்லை.

2025 மார்ச் 8, சனி

கைப்பிடியில் வெள்ளை டேப், அதன் உறையில் ஒரு கோடு. மூடிய நிலை, எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழுசு எனக் குறித்தாயிற்று. கால்வரை பைலட்டின் ஆட்சி, காலிலிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின். ஒன்றின் எல்லை அடுத்ததில் கலந்துதான் இருக்கும். ஆனாலும் எந்தத் திறப்பில் கோளாறு என்று தெரியாமல் எதை மாற்றுவது? எஞ்சினின் சுற்று வேகத்தை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

மெயினிலிருந்து தொடங்கினோம், அதுவும் பெரிய எண்ணிலிருந்து. ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிஞ்சி, ஓடினால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீனாக முழு த்ராட்டிலில் ஓடினால் பிஸ்டன் போகும்.

125: முக்காலுக்கு மேல் எஞ்சின் தொண்டை அடைத்த மாதிரி முனகுகிறது, சுற்று ஏறவில்லை.
120: ஏறுகிறது, கடைசியில் கொஞ்சம் மந்தம்.
118: சுத்தமாக ஏறுகிறது.
115: ஏறுகிறது. ஆனால் முழு திறப்பிலிருந்து கையைச் சற்றே பின்வாங்கினால் வண்டி ஒரு கணம் முன்னே தாவுகிறது.

அந்தத் தாவல் லீனுக்கு நல்ல அடையாளம். த்ராட்டிலை லேசாக மூடும்போது கலவை ஒரு கணம் கொழுக்கும். அதில் எஞ்சினுக்கு உயிர் வந்தால் முன்பு பெட்ரோல் போதவில்லை என்று பொருள். 118 நின்றது.

விரைவுச்சாலையில் உச்சவரம்பு 90 கி.மீ. மூன்றாம் கியரில் முழு திறப்பு, வரம்புக்குள்ளேயே முடிகிறது. ஐந்தாம் கியர் சோதனைக்குச் சாலை இடமல்ல, அதற்கு டைனோதான், வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் இயந்திரம்.

2025 மார்ச் 9, ஞாயிறு

ஊசி. இந்த கார்பின் ஊசியில் கிளிப் போடும் பள்ளங்கள் கிடையாது, ஒரே நிலைதான். ஊசியை உயர்த்த அதன் தலைக்கடியில் எம்3 வாஷர் வைக்க வேண்டும். ஜாலான் புசார் பக்கத்துக் கருவிக்கடையில் 0.5 மி.மீ. கனமுள்ளது கிடைத்தது. பள்ளமுள்ள ஊசி என்றால் கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி உயரும், கலவை ரிச்சாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுதும் வீணாக்குவோர் உண்டு.

ஒரு வாஷர்: 60 கி.மீ. தள்ளாட்டம் போய்விட்டது. இரண்டு: அரைத் திறப்பில் கனத்து ஓடுகிறது. ஒன்று போதும்.

2025 மார்ச் 15, சனி

பைலட் 40 போட்டு, கலவைத் திருகு. எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே திருப்பினால் ரிச். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் லீன். இங்கே எஞ்சின் பக்கம்.

கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட வேண்டும். இறுக்கினால் கூர்முனை இருக்கையில் பள்ளம் விழும், பிறகு அந்த கார்ப் ஒழுங்காக ஐட்லிங் பிடிக்காது. திருகோடு ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் மூன்றும் இந்த வரிசையில் வரும். ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் காணோம் என்று விட்டுவிடக் கூடாது.

பத்து நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு 1,400 சுற்றில் வைத்து, உள்ளே திருப்பிக்கொண்டே போய்ச் சுற்று விழும் இடத்தையும், வெளியே திருப்பி விழும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் சுற்று உச்சமாக இருக்கும் இடத்தில் நிறுத்தினோம். இரண்டே கால் சுற்று. மூன்றைத் தாண்டியும் சுற்று ஏறிக்கொண்டே போனால் பைலட் சிறிது, ஒன்றுக்குள் முடிந்தால் பைலட் பெரிது.

2025 மார்ச் 20, வியாழன்

நேற்றிலிருந்து அடைமழை. கூம்பு ஃபில்டர் நனைந்ததும் வண்டி திணறியது, நின்றது, பிளக் கருகருவென்று வந்தது. ஈரமான பஞ்சு காற்றைத் தடுக்கிறது, 5-ஆம் தேதி எழுதிய அதே பாதி சோக். 118 ஜெட் அப்போது பெருவெள்ளம்.

சிவி கார்புக்குக் கூம்பு ஃபில்டர் சேராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டயாஃப்ரத்தின் அடிப்பக்கத்துக்குக் காற்று போகும் துளை கார்ப் வாயிலேயே இருக்கிறது. ஃபில்டரின் ரப்பர் கழுத்து அதைப் பாதி மூடினாலோ, அங்கே காற்று சுழன்றாலோ, ஸ்லைடு தடுமாறும். நடுத்திறப்பில் வரும் அந்தப் பள்ளத்தை எந்த ஜெட்டும் நிரப்பாது.

வருஷம் முழுதும் மழை பெய்யும் ஊரில், தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு, ஏர்பாக்ஸ்தான் சரி. உள்ளே காற்றோட்டம் கூடிய தட்டை ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம். அதற்கு எண்ணெய் பூச வேண்டுமென்றால் சொட்டாத அளவுக்கு மட்டும்.

2025 மார்ச் 22, சனி

ஏர்பாக்ஸ் திரும்ப ஏறியது. ஜெட்டும் கூடவே இறங்க வேண்டும். 115-இல் தாவல் இல்லை, மந்தமும் இல்லை. 112-இல் தாவல் லேசாகத் திரும்பியது. 115 நின்றது. வாஷர் அப்படியே ஒன்று. பைலட் பழைய 38, திருகு இரண்டரைச் சுற்று. 40 போட்டபோது ஒரே சுற்றில் உச்சம் வந்ததால் அது பெரிது என்று தெரிந்தது. கூம்பு ஃபில்டரோடு இருந்ததைவிட அடிவேகத்தில் இழுப்பு கூடுதல்.

2025 மார்ச் 29, சனி

டைனோவில் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்த்தாயிற்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்று அது சொல்லும்: முழு திறப்பில் 12.9, சீரான ஓட்டத்தில் 13.9. முழு திறப்பில் 12.5-க்கும் 13.2-க்கும் நடுவே இருந்தால் போதும். சென்சாருக்குக் குழாயில் எம்18 மரை ஒன்று பற்றவைக்க வேண்டும். சைலன்சர் வாயில் செருகி அளந்தால் ஐட்லிங்கில் வெளிக்காற்று கலந்து பொய்யாக லீன் காட்டும்.

மூன்று வயது தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் ஆய்வு. அங்கே புகையை ஐட்லிங்கில் அளக்கிறார்கள். அதாவது பைலட்டும் திருகும்தான் தேர்வு எழுதுகின்றன, மெயின் இல்லை. சைலன்சர் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்றதாக இருக்க வேண்டும், உள்ளடைப்பைப் பிடுங்கியிருக்கக் கூடாது.

பருவத்துக்கு ஏற்ப ஜெட் மாற்ற வேண்டுமா என்று இங்கே கேட்பார்கள். விடிகாலை 25 டிகிரிக்கும் மதியம் 33-க்கும் காற்றின் அடர்த்தியில் 3 விழுக்காடுகூட வித்தியாசமில்லை. கலவையில் அதிலும் பாதிதான். வேண்டியதில்லை. மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏறினால் கதை வேறு. சுமார் 1,500 மீட்டரில் கலவை 7, 8 விழுக்காடு ரிச்சாகும். சிவி கொஞ்சம் ஈடுகட்டும், ஓரிரு நாள் பயணத்துக்கு அப்படியே போகலாம். மாதக்கணக்கில் தங்கினால் 112.

பழைய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் போல நாலு கார்ப் உள்ள வண்டியில் இவை எல்லாவற்றையும் நாலு மடங்கு செய்து, முடிவில் வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தத்தை அளப்பது) மாட்டி நாலையும் சமன்செய்ய வேண்டும். சமன்செய்யாமல் திருகைத் தொட்டால் எது பேசுகிறது என்று தெரியாது.

பக்க மூடியின் உட்புறத்தில் அழியாத மையில் எழுதியது: 115, 38, இரண்டரை, வாஷர் 1, தேதி.