ஸ்ட்ராவின்ஸ்கிக்கு ஆதி தாளம்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பரதநாட்டிய வகுப்பு முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது, எங்களுக்கு மிருதங்கம் வாசிக்கும் அண்ணனிடம் கைப்பேசியை நீட்டி "இதுக்குத் தாளம் போடுங்கண்ணே" என்றேன். இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாம் முறை மேசையில் தட்டிக்கொண்டே நிமிர்ந்து, "ஆதி தாளம்தாம்மா, ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றார்.

அவர் கேட்டது ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி பாலே நடனத்துக்கு எழுதிய 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்'. அறிமுக இசை முடிந்ததும் ஒரே சுரக்கூட்டு தட்டுத்தட்டென்று 32 முறை விழும் இடம். முதல் 9 அடியில் அழுத்தமே இல்லை. அப்புறம் 10, 12, 18, 21, 25, 30 ஆகிய அடிகளில் மட்டும் ஓங்கி விழும். அதாவது 9, 2, 6, 3, 4, 5, 3. கூட்டினால் 32, சதுஸ்ர நடையில், அதாவது எண்ணிக்கைக்கு நாலு அடியாக, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் சரியாக ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று. தகதிமி தகதகிட, தக, தகிட தகிட, தகிட, தகதிமி, தகதகிட, தகிட. சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகவே ஓடும்.

இந்த இசைக்கு ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த நடனம் 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியது. அன்று அரங்கத்தில் பார்வையாளர்கள் கூச்சல் போட்டுச் செய்த ரகளை பிரபலமான கதை. ஆடுபவர்களுக்கு இசை கேட்காததால், நிஜின்ஸ்கி மேடை ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்தினாராம். ரஷ்ய மொழியில் பத்துக்கு மேல் எண்கள் நீளமாகிவிடும், அடிக்குள் அடங்காது என்று ஸ்ட்ராவின்ஸ்கி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படிக்கும்போது சிரித்துவிட்டேன். எண்ணுக்குப் பதிலாகத் தகதிமி என்று சொல் வைத்துக்கொண்ட, ஆட்டத்தை நடத்தும் நம் நட்டுவனார்களை நினைத்துத்தான்.

பாரிஸிலும் லண்டனிலுமாக மொத்தம் 8 காட்சிகள், அவ்வளவுதான். அதே ஆண்டு நிஜின்ஸ்கி கல்யாணம் செய்துகொண்டதும் குழுவை நடத்திய தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். 1920-இல் மறுபடி மேடையேற்ற நினைத்தபோது நடனம் யாருக்கும் முழுசாக ஞாபகமில்லை, அதனால் மசீன் என்ற இன்னொரு நடன அமைப்பாளர் புதிதாகவே அமைத்தார். இசை காகிதத்தில் இருந்ததால் பிழைத்தது, ஆட்டம் ஆடியவர்களின் உடம்போடு போய்விட்டது.

மிலிசென்ட் ஹாட்சன் என்ற நடன ஆய்வாளர் பல வருடம் தேடி, நிஜின்ஸ்கிக்கு உதவியாளராக இருந்த மேரி ராம்பெர்ட் இசைப்பிரதியில் எழுதிவைத்த குறிப்புகள், ஓவியர் வாலண்டைன் கிராஸ் கிறுக்கிய கோட்டுப்படங்கள், மிஞ்சிய உடைகள் இவற்றை வைத்து 1987-இல் அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழுவுக்கு அந்த நடனத்தைத் திரும்ப அமைத்துக் கொடுத்தார். அதில் எவ்வளவு நிஜின்ஸ்கி, எவ்வளவு ஹாட்சன் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு அது குறையாகவும் படவில்லை, ஆனால் 'மீட்டெடுத்தோம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. என் குரு விட்டுப்போன நோட்டிலும் ஜதிச் சொற்கள் முழுசாக இருக்கின்றன, அடவுக்கோ, அதாவது கால் அசைவுக்கோ, ஓரத்தில் பென்சிலில் 'நாட்டடவு, வலது' என்று இரண்டே வார்த்தை. மிச்சத்தை நான்தான் இட்டு நிரப்பி, குரு பாடம் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இப்போது அது உறுத்துகிறது.

அதனால் இந்த 32 அடிக்கு நான் அமைப்பதை வெளிப்படையாகவே என் கற்பனை என்று சொல்லி ஆடப் போகிறேன். மிதிப்பது நமக்குக் கைவந்தது, காலைத் தட்டி ஆடும் தட்டடவே போதும். கஷ்டம் பாதத்தில்தான். நிஜின்ஸ்கி பாதங்களை உள்பக்கம் திருப்பச் சொன்னார், முட்டியும் உள்ளே. இருபது வருடம் அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், முட்டியை வெளியே தள்ளிப் பழகிய உடம்பு கேட்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது மிதியிலேயே பாதம் நைசாக வெளியே திரும்பிவிடுகிறது. தரையில் வெள்ளை டேப்பை உள்சாய்வாக ஒட்டி, அதன் மேல் நின்று பழகிப் பார்க்கிறேன்.

நேற்று ராத்திரி வீட்டில் பழகியபோது கீழ்வீட்டு ஆன்ட்டி விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தார். சரியாகப் பத்தாவது அடியில்.