கூட வர்றீங்களாக்கா?

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யார் மாசமாக இருக்கிறார்கள் என்பது அவரவர் புருஷனுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அந்த வசதி உண்டு. "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று மூன்று ஜாக்கெட்டை வைத்துவிட்டு, போகாமல் நின்றுகொண்டே இருந்தால் நானும் மெஷினை நிறுத்திவிடுவேன்.

போன மாதம் அப்படி நின்றவள் எதிர்வீட்டு மருமகள். தலைப்பிரசவம். அம்மா இல்லாத பெண், அதனால் தாய்வீட்டுக்குப் போகவில்லை. மாமியாருக்கோ ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். "பிரசவ ரூமுக்குள்ள கூட வர்றீங்களாக்கா?" என்றாள்.

உடனே சரி என்றதற்கு என் பழைய கதைதான் காரணம். 2009இல் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அம்மாவை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். டிரிப்பில் எதையோ ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டேன், "சும்மா படும்மா" என்றார்கள். வலியைக் கூட்டுகிற மருந்து என்று பிறகு தெரிந்தது. கீழே வெட்டித் தையல் போட்டதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவள். ஒரு கை வைப்பதென்றால்கூட எவ்வளவு நீளம் என்று கேட்டுத்தான் வெட்டுவேன். அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் வழக்கமாக அப்படி வெட்டக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தேவைப்படுகிறவர்களுக்கு வெட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபாயில் எந்தத் தவணை எப்போது வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்காக 2017இல் வந்த லக்ஷ்யா திட்டத்திலேயே அது இருக்கிறது. எதிர்வீட்டு மருமகளின் புருஷனுக்கு உள்ளே வர ஆசை. பக்கத்துக் கட்டில்களில் மற்ற பெண்களும் இருப்பார்கள் என்பதால் பெண் துணைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாவம், அந்தத் தம்பி முகம் வாடிவிட்டது.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கேட்க வேண்டியதை அவளையே எழுத வைத்தேன். வலி நேரத்தில் எழுந்து நடக்கலாமா? ஊசி போடுமுன் சொல்வீர்களா? குழந்தையை உடனே நெஞ்சில் போடுவீர்களா? செக்கப்பில் அதை நடுங்கிக்கொண்டே வாசித்தாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அவசரம் என்றால் சிலது மாறும் என்பதையும் சொன்னார். மொத்தமே ஐந்து நிமிடம்தான்.

ஒரு விஷயத்தில் என்னைத் தப்பாக நினைக்கிறவர்கள் உண்டு. நான் சுகப்பிரசவக் கட்சி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதில் ஜோசியர் குறித்த நேரத்துக்காகக் கிழித்ததும் இருக்கும். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் குழந்தையின் துடிப்பு இறங்கிவிட்டது என்று ஆபரேஷன் செய்துகொண்ட என் மதினியிடம், "நாங்கள்லாம் வயக்காட்டுல பெத்தோம்" என்று ஒரு பெரியம்மா ஆரம்பித்தபோது, "உங்களுக்கு எத்தனை தங்குச்சு பெரியம்மா?" என்று கேட்டேன். ஏழு பெற்று நான்கு தங்கிய வீடு அது. கேட்டிருக்கக் கூடாதுதான்.

வீடியோ பார்த்துவிட்டு வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்த ஒரு தம்பியையும் திட்டித்தான் அனுப்பினேன். பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்காமல் போனால், தெற்குவாசல் பாலத்து நெரிசலைத் தாண்டி பெரியாஸ்பத்திரி போகும்வரை அது காத்திருக்குமா?

எதிர்வீட்டுக்காரிக்கு அடுத்த வாரம் டேட் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய அட்டை, பழைய சேலைத் துணி, பிளாஸ்க் எல்லாம் ஒரு கட்டைப்பையில் தயாராக இருக்கிறது. நான் அந்த நோட்டையும் அதற்குள் போட்டுவிட்டேன். அதில்தான் உங்கள் அளவுகளும் இருக்கின்றன. முகூர்த்த ஜாக்கெட் கொடுத்தவர்கள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.