பதக்கப் பட்டியலை மூடிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தோம்

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். எங்கள் கடலூர் மாவட்டக் கராத்தே சங்கத்தின் பெரிய மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் கடைசியில பாராட்டு விழா வைக்கிறோம். மனசு வச்சு கத்துக்கிற பசங்க, மனசு வச்சு சொல்லிக் கொடுக்கிற மாஸ்டருங்க, ரெண்டு பக்கமும் பாராட்டணும். யார் யாருன்னு நீங்க மூணு பேரும் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்க" என்றார். மூன்று பேர் என்பது நான், நெய்வேலியில் கிளை நடத்தும் மாஸ்டர், கடலூர் முதுநகரில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கும் அக்கா. நான் மஞ்சக்குப்பத்தில் 14 வருடமாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இப்படி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு அதுதான் முதல் முறை. ஐந்து வாரம் பிடித்தது. வேறு ஊரில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் கூடியபோது எங்கள் கையில் இருந்தது பதக்கப் பட்டியல் மட்டும்தான். முந்தைய வருடங்களில் அதை வைத்தே கேடயம் கொடுத்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் 31 பெயர் எழுதியாகிவிட்டது. அக்கா பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குத்தான் ஏற்கெனவே மெடல் கழுத்தில போட்டாச்சே மாஸ்டர், அதையே எதுக்குத் திரும்பப் பாராட்டணும்?" என்று கேட்டார். எனக்கும் நெய்வேலி மாஸ்டருக்கும் பதில் வரவில்லை.

அக்கா கேட்டதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரு பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டும் என்றால் நுழைவுக் கட்டணம், பஸ்ஸோ ரயிலோ, தங்குவது, கூடப் போகும் பெற்றோரின் ஒருநாள் கூலி, கையுறை, பல் பாதுகாப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. போகாதவர்களின் பெயர் பதக்கப் பட்டியலில் எப்படி இருக்கும்? பட்டியலை மடித்து வைத்துவிட்டு, 11 கிளைகளுக்கும் சொல்லி வருகைப் பதிவேடுகளை அனுப்பச் சொன்னோம். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை, முழு வருடம்.

வந்து சேர்ந்தவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலர் நீளமான கணக்கு நோட்டு அனுப்பினார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார்கள், ஒரு கிளையில் கட்டணம் வாங்கிய நோட்டு மட்டும்தான் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு நடக்கும் கிளையும் உண்டு, இரண்டே நாள் நடக்கும் கிளையும் உண்டு. சதவீதம் போட்டுப் பார்த்தோம். 90-க்கு மேல் உள்ளவர்களைத் தனியாக எடுத்தோம். அந்தப் பெயர்களில் ஏறக்குறைய எல்லாமே வீட்டுக்குப் பக்கத்திலேயே வகுப்பு உள்ள, வீட்டில் எந்த வேலையும் செய்ய வேண்டியிராத பிள்ளைகள். அவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் தேடியது இது இல்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

அப்புறம் சதவீதத்தை விட்டுவிட்டு, வராத நாட்களைப் படிக்க ஆரம்பித்தோம். எனக்கு இந்த வேலை பிடித்துப் போனது அங்கேதான். பண்ருட்டிப் பதிவேட்டில் ஏப்ரல், மே மாதங்களில் வரிசையாகக் காலி இடம். முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம், பலா இறங்கும் காலம். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு தோப்பில் இருப்பார்கள். கடற்கரைப் பக்கம் கதை தலைகீழ். தாழங்குடாவிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையனுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் அப்பா கரையில் இருப்பதால், விடியற்காலையில் படகடிக்குப் போய்க் கை கொடுக்க வேண்டியதில்லை. தடை முடிந்த மறுவாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறான். ஆனால் அந்த இரண்டு நாளும் தவறவில்லை.

டிசம்பர் முதல் வாரம் எல்லாக் கிளையிலும் வெறுமையாக இருந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, அதன் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. பல வீடுகளில் கராத்தே டிரஸ், பெல்ட் எல்லாம் சேற்றோடு போய்விட்டன. வகுப்பு மறுபடி தொடங்கிய நாளில், பள்ளிக்கூட டி-ஷர்ட்டும் லுங்கித் துணியைக் கிழித்துக் கட்டிய இடுப்புக் கச்சையுமாக வந்து வரிசையில் நின்ற ஒரு சிறுமியைப் பற்றி அந்தக் கிளை மாஸ்டர் பதிவேட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்று எனக்கும் நெய்வேலி மாஸ்டருக்கும் தோன்றவே இல்லை, அக்காதான் விரல் வைத்துக் காட்டினார். 12, 13 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்திருந்தது. "வெள்ளை டிரஸ் மாஸ்டர். அந்த நாள்ல வெள்ளை பேண்ட் போட்டுக்கிட்டு காலைத் தூக்கி உதைக்கச் சொன்னா எந்தப் பொண்ணு வரும்?" என்றார். இத்தனை வருடமாக அந்தப் பிள்ளைகளை 'ஒழுங்காக வருவதில்லை' என்ற கணக்கில் வைத்திருந்திருக்கிறோம். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு வரலாம் என்று அந்த வாரமே எல்லாக் கிளைக்கும் சொல்லிவிட்டோம். விழாவை விட அது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அளவுகோலை அக்காதான் சொன்னார்: "எத்தனை நாள் வந்தாங்கன்னு பார்க்க வேணாம். விட்டுப்போன பிறகு திரும்பி வந்தாங்களான்னு பார்ப்போம்." ஷோட்டோகான் பாணியை உருவாக்கிய ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு வகுத்த 20 நெறிகளில் ஒன்று கராத்தேவை வெந்நீரோடு ஒப்பிடும். அடுப்பை அணைத்தால் ஆறிவிடும், விடாமல் சூடு காட்ட வேண்டும். நாங்கள் மூவரும் மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆறிப்போன தண்ணீரை மறுபடியும் தூக்கி அடுப்பில் வைக்கிற பிள்ளையைத்தான் இப்போது தேடினோம்.

அப்படித் தேடினால் தோற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எங்கள் பிரிவில் பிரவுன் பெல்ட் டெஸ்டுக்கு டெக்கி ஷோடான் என்ற கட்டா (வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுகளின் தொகுப்பு) செய்ய வேண்டும். முழுக்க முழுக்கக் குதிரை நிலையிலேயே, அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி நின்றபடியே, பக்கவாட்டில் நகரும் கட்டா அது. இடுப்பு ஓர் அங்குலம் மேலே எழும்பினாலும் தெரிந்துவிடும். விருத்தாசலத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் இதில் இரண்டு முறை தோற்றிருக்கிறான். இரண்டு முறையும் டெஸ்டுக்கு அடுத்த வகுப்பில் அவன் பெயருக்கு நேரே டிக் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தோம். யாரிடமும் சொல்லாமல் காலை ஆறு மணிக்கே போனோம். சொல்லிவிட்டுப் போனால் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள். அந்தப் பையன் தரையைப் பெருக்கிவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப் பயலுக்கு முழங்காலிட்டு பெல்ட் கட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முடிச்சைத் தானே போட்டுவிடவில்லை. அவிழ்த்து அவிழ்த்து அந்தக் குட்டியே கட்டும் வரை காத்திருந்தான். அவன் பெயரை எழுதியபோது நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

இதற்கிடையே போன் வர ஆரம்பித்தது. நன்கொடை கொடுக்கிற ஒருவர், தன் மகன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொரு அப்பா, இந்தச் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுமா என்று கேட்டார். உதவாது என்று நேராகச் சொன்னோம். இது சங்கம் தன் பிள்ளைகளைத் தட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். இதை முதலிலேயே எல்லாப் பெற்றோருக்கும் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பிய பிறகு போன் பாதியாகக் குறைந்தது.

மாணவர்களில் 18 பேரை முடிவு செய்தோம். மாஸ்டர்கள் விஷயம் அதைவிடக் கடினமாக இருந்தது. பதிவேட்டில் மாணவர் வருகைதான் இருக்கும், மாஸ்டர் வருகை இருக்காது. யார் மாணவர் அதிகம் மெடல் வாங்கினார்கள் என்று பார்ப்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. அதனால் ஐந்து வருடம் முந்தைய பதிவேட்டைத் தேடி எடுத்து, அன்று வெள்ளை பெல்ட்டில் இருந்தவர்களில் யார் இன்னும் வருகிறார்கள் என்று பார்த்தோம். சிறுவயதில் சேர்கிறவர்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுவதுதான் எங்கும் வழக்கம். அப்படி நிற்காத பிள்ளைகள் இருக்கிற கிளையில் ஏதோ ஒன்று சரியாக நடக்கிறது என்று அர்த்தம். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து காலை வகுப்பு எடுக்கும் ஒருவர் அப்படித்தான் கிடைத்தார். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு வருடத்தில் மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி தரும் திட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர், திட்டம் முடிந்த பிறகும் அந்தப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் கட்டணமில்லாமல் வரச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறார். அவரும் கிடைத்தார்.

குறிஞ்சிப்பாடிப் பதிவேட்டில் எல்லாப் பக்கத்திலும் மேலே அந்தக் கிளை மாஸ்டரின் கையெழுத்து. கீழே டிக் போட்டிருந்த எழுத்து வேறு. நெய்வேலி மாஸ்டர்தான் கவனித்தார். விசாரித்தால், அந்த மாஸ்டர் 2021-லேயே வேலைக்காகச் சென்னை போய்விட்டார், மாதம் ஒரு முறை வருவார். மூன்று வருடத்துக்கு மேலாக 26 பிள்ளைகளுக்கு அங்கே சொல்லிக் கொடுப்பது அவருடைய மாணவி. பிரவுன் பெல்ட், முதல் கியூ, அதாவது பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படி. பகலில் துணிக்கடையில் வேலை. வசூலாகும் கட்டணத்தில் இட வாடகை போக மிச்சத்தைப் பிள்ளைகளின் டெஸ்ட் கட்டணத்துக்கே போட்டுவிடுகிறாள். அவளுடைய பிளாக் பெல்ட் டெஸ்டுக்குப் பணம் சேரவே இல்லை.

சங்க விதிப்படி பயிற்றுநர் பாராட்டுக்கு முதல் 'தான்', அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படி, முடித்திருக்க வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்தோம். மூத்த மாஸ்டர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிளாக் பெல்ட் இல்லாதவங்களுக்கு பயிற்றுநர்னு மேடையில கொடுத்தா, நாளைக்கு அரைகுறையா கத்துக்கிட்டவன் எல்லாம் கிளாஸ் ஆரம்பிப்பான். பிள்ளைங்க கை கால் உடைஞ்சா யார் பொறுப்பு?" என்றார். அந்தப் பயம் நியாயமானது. தப்பாகச் சொல்லிக் கொடுத்து முழங்கால் போன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் பேசினேன். ஃபுனாகோஷி ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தேவைக் காட்டியது 1922-ல். தன் மாணவர்களுக்கு முதல்முதலாக பிளாக் பெல்ட் கொடுத்தது 1924-ல். அந்த பெல்ட் முறையே ஜூடோவை உருவாக்கிய கானோவிடமிருந்து எடுத்ததுதான். அதற்கு முன்னால் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி பெல்ட் எதுவும் கட்டாமல்தான் சொல்லிக் கொடுத்தார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான். ஜப்பானில் ரென்ஷி, கியோஷி, ஹன்ஷி என்று கற்பிப்பவருக்கான பட்டங்கள் தனி, 'தான்' படிகள் தனி. அவையும் உயர்ந்த 'தான்' உள்ளவர்களுக்குத்தான் போகும் என்பது உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்வது ஒன்று, கற்பிப்பது வேறொன்று என்று அவர்களே பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்? இதைச் சொன்னேன். உடனே யாரும் மாறவில்லை. இரண்டு கூட்டம் ஆனது. கடைசியில், அவளைத் தனி மாஸ்டராக அறிவிக்காமல், 'உதவிப் பயிற்றுநர்' என்று ஒரு பாராட்டைச் சேர்ப்பது, கிளை மாஸ்டர் இனி மாதம் இரண்டு முறை கட்டாயம் வருவது, அடுத்த பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு அவள் கட்டணத்தைச் சங்கமே ஏற்பது என்று முடிவானது.

நான்தான் போய் அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாராட்டு சரி மாஸ்டர். கட்டணத்தைத் தவணையில நானே கட்டிக்கிறேன். டெஸ்ட்ல மட்டும் எனக்குன்னு எதையும் குறைச்சிடாதீங்க" என்றாள்.

விழா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம், பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தே காத்திருந்தார்கள். அடுத்த முறை விருந்தினர் வந்த பிறகுதான் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். சான்றிதழ் அடிக்கும் முன் பெயரையும் இனிஷியலையும் பள்ளி அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு நான்கு சான்றிதழ் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. கேடயத்துக்குப் பதில் இந்த முறை ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய கராத்தே டிரஸ் கொடுத்தோம். வெள்ளத்தில் எல்லாம் போன பிறகு கேடயத்தை எங்கே மாட்டுவார்கள் என்று அக்கா கேட்டதுதான் காரணம். ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிடும்போது பெயரோடு ஒரு வரி காரணமும் வாசித்தோம். விருத்தாசலம் பையனுக்கு, "டெக்கி ஷோடானில் இரண்டு முறை தோற்று, இரண்டு முறையும் அடுத்த வகுப்புக்கே வந்தவர்" என்று வாசித்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

இந்த வருடம் 11 கிளைக்கும் ஒரே மாதிரி பதிவேடு அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். வலது ஓரத்தில் மாஸ்டர் எழுதுவதற்கு அகலமாக இடம் விட்டிருக்கிறது. வகுப்பு எடுத்தவர் யாரோ, அவரே அன்றன்று கையெழுத்துப் போட ஒரு கட்டமும் இருக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் இப்போது அவள் பெயர் இருக்கிறது.